திறக்காத பஸ் தரிப்பிடமும் என் மனைவியின் கடைசிப் பக்கமும்

கனமூலை,
மதுரங்குளி.
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

கண்ணியத்துக்குரிய 'கரையோசை' வார இதழின் பிரதம ஆசிரியர் அல்ஹாஜ் ஹயாத்து முகம்மது அவர்களின் மேலான கவனத்திற்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் அல்லாஹ்வின் கிருபையால் ஒரு குறையுமின்றி இயங்கவேண்டும் என்று இந்த எளியவன் துஆச் செய்கிறேன். என் சுகத்தைத் தாங்கள் விசாரிக்கவில்லை. போன ஞாயிறு தொலைபேசியில் ஸலாத்துக்குப் பதில்கூடச் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்தீர்கள். இருந்தாலும் மரபுக்காக எழுதுகிறேன்: பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மானம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மற்றப்படி சுகம்.

விடயம்: கனமூலைச் சந்தி பஸ் தரிப்பிடத் திறப்பு விழாச் செய்தி தொடர்பாகத் தாங்கள் கோரிய விளக்கம்.

நடந்ததை முதலில் ஒரு நிருபருக்குரிய நடுநிலையோடு பதிவு செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிறு இதழின் மூன்றாம் பக்கத்தில், 'கனமூலைச் சந்தியில் நவீன பஸ் தரிப்பிடம் கோலாகலமாகத் திறந்துவைப்பு' என்ற தலைப்பில் என் செய்தி வெளியானது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகையின் பின்னர் பிரதம அதிதி அவர்கள் நாடாவை வெட்டித் தரிப்பிடத்தைத் திறந்துவைத்தார் என்றும், கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாது பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர் என்றும் அதில் இருந்தது. அதே இதழின் கடைசிப் பக்கத்தில், என் மனைவி சித்தி ஸுலைஹா எழுதும் 'நம்ம வாசல்' பத்தியில், அதே வெள்ளிக்கிழமை, அதே அஸருக்குப் பிறகு, கனமூலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்றும், பிரதம அதிதி வரவே இல்லை என்றும், திறக்காத தரிப்பிடத்தின் நாடாவுக்குக் கீழால் குனிந்து ஊர்ச்சனம் முழுக்க உள்ளே போய் ஒதுங்கியது என்றும் இருந்தது. ஒரே பேப்பர், ஒரே ஊர், ஒரே வீடு. மூன்றாம் பக்கத்தில் வெயில், கடைசிப் பக்கத்தில் மழை. இதற்கு விளக்கம் கேட்டீர்கள். விளக்கம் சரியில்லாவிட்டால் நிருபர் அட்டையைத் திருப்பி அனுப்பும்படி சொன்னீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு, "உம்மட இடத்துக்கு ஆள் தேடி நான் அலையத் தேவையில்ல பதுர்தீன், உங்கட வீட்டுலயே ஆள் இருக்கு" என்று சிரித்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விளக்கம் பின்வருமாறு. குறித்த வெள்ளிக்கிழமை நான் அவ்விடத்தில் நேரில் நின்றேன். கையில் பேனையும் கழுத்தில் தாங்கள் தந்த அட்டையும் இருந்தன. செய்தியின் ஒவ்வொரு வரியும் கண்ணால் கண்டு எழுதியதே. நான் அனுப்பிய பெக்ஸ் தாளின் உச்சியில் வியாழக்கிழமை என்று அச்சாகியிருக்கிறதே, வெள்ளிக்கிழமை நடக்கப்போவதை வியாழக்கிழமையே கண்டீரா என்று கேட்டீர்கள். மதுரங்குளியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் லாபிரின் பெக்ஸ் மெஷினைத் தாங்கள் பார்த்ததில்லை. ஜும்ஆவுக்குக் கடை பூட்டிப் பூட்டி அந்த மெஷினுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே தெரியாமல் போய்விட்டது. படத்தைப் பற்றியும் கேட்டீர்கள். நாடா வெட்டும் பிரதம அதிதியின் காலடியில் பால் கேன் ஒன்று தெரிகிறதாம், பஸ் தரிப்பிடத்தில் பால் கேனுக்கு என்ன வேலையாம். பால் கொண்டுபோகிறவர்கள் பஸ் ஏறுவதில்லையா? போன வருடம் பால் சேகரிப்பு நிலையத்தைத் திறந்தபோது எடுத்த படம் அது என்று சிலர் கிளப்பியிருக்கும் கதையை நம்ப வேண்டாம். பிரதம அதிதி அதே சட்டையைத்தான் எல்லா விழாவுக்கும் போடுவார். நாடாவும் அதே சிவப்பு. மழையைப் பொறுத்தவரை, அது என் மனைவியின் எழுத்து நடை. இந்தப் பத்தி எழுதுகிறவர்களுக்கு எங்கே சுவை குறைகிறதோ அங்கே ஒரு மழையைப் பெய்விக்கும் பழக்கம் இருக்கிறது. எங்களைப் போன்ற நிருபர்களுக்கு அந்த வசதி இல்லை.

உண்மையில் யாருடைய பிழை என்று பார்க்கப்போனால், ஹாஜியார், மன்னிக்கவேண்டும், தங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. பிராந்தியச் செய்திப் பக்கத்தை வியாழக்கிழமை பின்னேரமே பூட்டிவிடுகிறீர்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் சனிக்கிழமை இரவு வரைக்கும் திறந்து வைத்துக்கொண்டு, ஸுலைஹா எழுதி முடித்துவிட்டாரா, ஸுலைஹாவுக்குத் தலையிடி சுகமா என்று கோல் மேல் கோல் எடுக்கிறீர்கள். கோல் வருவது என் போனுக்கு. நான் எடுத்து ஸலாம் சொன்னால், "ஆ பதுர்தீன், போனை அவவுட்டக் குடும்" என்கிறீர்கள். இத்தனை வருடத்தில் எனக்குத் தலையிடியா என்று ஒரு தரம் கேட்டிருப்பீர்களா? வெள்ளிக்கிழமை விழாவை வியாழக்கிழமைக்குள் அனுப்பு என்றால் மனிசன் என்ன செய்வான்? நான் மட்டுமா அப்படிச் செய்கிறேன், புத்தளம் தொடங்கி சிலாபம் வரைக்கும் எந்த நிருபன் விழா முடிந்த பிறகு செய்தி எழுதுகிறான்? அழைப்பிதழில் எல்லாம் இருக்கிறது. கிராஅத் ஓதுகிறவர் யார், வரவேற்புரை யார், நன்றியுரை யார். நடக்கப்போவதை நடந்ததாக எழுதினால் போதும். இதை ஒரு பொதுவான வழக்கமாகச் சொல்கிறேனே தவிர, குறித்த செய்தியைப் பற்றிச் சொல்லவில்லை. குறித்த செய்தியில் நான் நேரில் நின்றேன்.

என் மனைவி எழுத வந்த கதை தங்களுக்குத் தெரியும், ஆனாலும் அதை நான் சொல்லித் தாங்கள் கேட்டதில்லை. ரெண்டு வருசத்துக்கு முந்தி எனக்கு டெங்கோ என்னவோ என்று சந்தேகப்படும்படியான ஒரு காய்ச்சல். அந்த நேரம் பார்த்து விவசாயச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம். எழும்ப ஏலாமல் கிடந்து, "புள்ள, நீ போய் யார் யார் பேசினாங்க எண்டு மட்டும் ரெண்டு வரி எழுதிட்டு வா" எண்டு அனுப்பினேன். அவ போய் ரெண்டு கொப்பித் தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தா. அதில் தலைவர் பேசினது இல்லை, செயலாளர் பேசினது இல்லை. கூட்டத்துக்குக் கதிரை போதாமல் வீடு வீடாகக் கதிரை கேட்டுப்போனதும், ஒவ்வொரு வீட்டுக் கதிரையிலும் அந்த வீட்டுக்காரரே தேடிப்பிடித்து இருந்ததும்தான் இருந்தது. இது செய்தி இல்லை எண்டு தெரிஞ்சும், காய்ச்சல் மயக்கத்தில அப்படியே அனுப்பிட்டன். நீங்க அதைத் தூக்கிக் கடைசிப் பக்கத்தில போட்டீங்க, பேர் போட்டு, கட்டம் கட்டி. காய்ச்சல் ஒரு கிழமையில சுகமாயிட்டு. கட்டம் இன்னும் போகல்ல.

அண்டைக்குத் தொடங்கி அவ எழுதாத ஆள் இந்தப் பக்கத்தில இல்ல. பில்டர் தண்ணிக்குக் கேனோட வரிசையில நிக்கிற பொம்பளைகள் எந்தக் கேனுக்குப் பின்னால எந்தக் கேன் எண்டு சண்டை பிடிக்கிறதை எழுதினா. லாபிர்ட கடையில அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க வாற கிழவர்மார் தங்கட வாலிபப் படத்தைப் பார்த்துட்டு நிக்கிறதை எழுதினா. கண்டக்குழியிலிருந்து விடியவே மோட்டர் சைக்கிள்ல பெட்டி கட்டிக்கொண்டு வாற மீன்கார யோசேப்பை எழுதினா. ஹாஜியார், அந்த யோசேப்பைப் பத்தி எழுதினதை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. கடிதம் கடிதமா வந்துது எண்டு நீங்கதான் சொன்னீங்க. அவன் எந்த வீட்டு வாசல்ல எப்படி ஹோன் அடிப்பான், எந்த வீட்டுல சோதினை எழுதுற புள்ள இருந்தா ஹோன் அடிக்காம வந்து கேற்றைத் தட்டுவான், எந்த வீட்டுக்குத் தலையோட குடுப்பான், எந்த வீட்டுக்குத் துண்டு போட்டுக் குடுப்பான், எல்லாம் எழுதியிருந்தா. வாசிக்கிறவனுக்கு யோசேப்பு ஏதோ ராசா மாதிரி இருக்கும். முக்கால் பக்கம் வந்துது. நானும் இந்த வாசலால ஒவ்வொரு நாளும் போறன் வாறன். நான் செருப்பை எங்க கழட்டுறன், தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி போடுறன், மீனில எந்தத் துண்டு எனக்கு விருப்பம், இதெல்லாம் யோசேப்புக்கு இருக்கிற மாதிரி எனக்கும் இருக்குத்தானே. கல்யாணம் முடிச்ச நாள்லயிருந்து ஒரே வீட்டுல இருக்கிறன். கட்டின மாப்புளையப் பத்தி அரை வரி இல்ல.

இதை நான் பொறாமையில சொல்லல்ல. பதிவுக்காகச் சொல்றன்.

அவட கண்ணில பட்டா எழுதுவா எண்டு நானும் முயற்சி செய்யாம இல்ல. குசினித் தண்ணிப் பைப் ஒழுகுது எண்டு ஒருநாள் நானே ஸ்பேனர் சாவியெடுத்துத் திருகினன். பைப் கையோட வந்துட்டு. தண்ணி முகட்டுக்கு அடிச்சுது. சாரன் நனைய, மூக்குக் கண்ணாடி எங்கயோ போக, ரெண்டு கையாலயும் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நான் நிண்ட நிலையைப் பார்த்தா எவனும் ஒரு கட்டுரை எழுதுவான். அவ எழுதினா. பைப் துண்டு கொண்டுவந்து குடுத்த பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி டீச்சரைப் பத்தி, வன்னியிலிருந்து வந்து இருக்கிற அந்த மனிசி ஒரு பைப் துண்டைக்கூட எறியாம எடுத்து வைக்கிறதைப் பத்தி எழுதினா. பொறகு முந்தல் ஊருல இறால் பண்ணைச் செய்தி ஒண்டுக்குப் போய், படம் எடுக்கப் பின்னால பின்னால வந்து தொட்டிக்குள்ள விழுந்துட்டன். இது வேணுமெண்டு விழுந்தது இல்ல, இருந்தாலும் விழுந்த உடனே எனக்கு வந்த முதல் நினைப்பு, இதையாவது எழுதுவா எண்டதுதான். எழுதினா. என்னை இழுத்தெடுத்த காவல்காரனைப் பத்தி. அதில நானும் வந்தன். 'ஒருவர் தொட்டியில் விழுந்துவிட்டார்' எண்டு ஒரு வசனம். ஹாஜியார், அந்த ஒருவர் நான்தான். வாசிச்ச உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கடைசியாக் கோவம் வந்து நாலஞ்சு நாள் வீட்டுல வாய் திறக்காம இருந்தன். என்ன ஏது எண்டு கேட்பா, கேட்டுட்டு எழுதுவா எண்டு பார்த்தன். வீடு சத்தமில்லாம இருக்கிற நாள்கள்ல பூனை எங்க போய்ப் படுக்குது எண்டு எழுதினா.

ஊருக்குள்ள என்ட நிலைமையைச் சொல்றன் கேளுங்க. முந்தி நான் சந்தியில இறங்கினா, "நிருபர் வாறார்" எண்டு சட்டையைச் சரி பண்ணுவாங்க. இப்ப "ஸுலைஹா ராத்தாட மாப்புள" எண்டு கையைக் காட்டுறாங்க. பொம்பளைகள் எங்கட வாசலுக்கு வந்து, பிஞ்சுபோன செருப்பு, பழைய மாப்பிள்ளைத் தொப்பி, முட்டைக்கு மேல இருக்காத கோழி எண்டு கொண்டுவந்து காட்டி, "ராத்தா, இதைப் பத்தி எழுத ஏலுமா" எண்டு கேட்கிறாங்க. கோழியைக்கூடப் பொறுப்பன். மையத்து அடக்குற மையவாடிச் சுவர் திறப்புக்குப் போன இடத்தில மேடையிலயே ஒருத்தர் சொல்றார், "நிருபர் சுருக்கமா எழுதட்டும், விபரமா எங்கட ஸுலைஹா எழுதுவா" எண்டு. எனக்குப் பொறாமைதான் ஹாஜியார். பதிவுக்காக எண்டு மேல எழுதினதை வெட்டிருங்க. நல்லாப் பொறாமை. சோறு இறங்காத பொறாமை. அவ எழுதின தாளைக் கையில வச்சிருந்தா வாசிக்கத் தோணும், வாசிச்சா நல்லா இருக்கும், நல்லா இருந்தா எனக்கு அண்டைக்கு நித்திரை வராது. அதனால நான் ஒரு வேலை செய்தன். அவ மடிச்சுத் தாறதை விரிச்சே பார்க்கிறதில்ல. லாபிர்ட கடையில குடுத்து, "அனுப்பு" எண்டு சொல்லிட்டு மற்றப் பக்கம் திரும்பி நிப்பன். ஞாயித்துக்கிழமை பேப்பரில வந்த பிறகு, அவ காணாம, லாபிர்ட கடைக்குப் பின்னால நிண்டு வாசிப்பன்.

இப்ப விளங்கியிருக்கும். என்ட வெயிலைக் கெடுத்த அந்த மழையைச் சனிக்கிழமை என்ட கையாலதான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறன். மடிச்ச தாளை விரிச்சு ஒரு வரி பார்த்திருந்தா, லாபிர்ட கடை வாசல்லயே கிழிச்சிருப்பன். ஞாயிறு பேப்பரைப் பார்த்துட்டு வீட்டுக்கு ஓடிவந்து, "ஸுலைஹா, நீ என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறா" எண்டு கத்தினன். அவ மீன் கழுவிக்கொண்டு நிண்டா. எங்கட மகள்ட பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவா. "ஸஃப்னாட வாப்பா, நீங்க என்ன அனுப்பினீங்க எண்டு எனக்கு எப்படித் தெரியும்? உங்கட செய்தியை என்னட்டக் காட்டினீங்களா? நான் எழுதினதைத்தான் நீங்க வாசிச்சீங்களா?" எண்டா. "சனிக்கிழமையாவது என்னட்டச் சொல்லியிருக்கலாமே" எண்டு நீங்களும் கேட்டீங்க. சனிக்கிழமை பின்னேரம் நான் உங்களுக்குக் கோல் எடுத்தன். விசயத்தைச் சொல்லத்தான் எடுத்தன். "பதுர்தீனா, அவவுட கட்டுரை இன்னும் வந்து சேரல்லையே" எண்டீங்க. இப்ப வரும் எண்டு சொல்லிப் போனை வச்சிட்டன்.

இனித் தரிப்பிடத்தின் இன்றைய நிலவரம். நாடா இன்னும் அப்படியே இருக்கு. அதை நான் மறுக்கல்ல. ஏன் இருக்கு எண்டு நிருபர்ட்டக் கேட்கக் கூடாது. தரிப்பிடத்தைக் கட்டின சங்கத்துக்காரர் பிரதம அதிதிட செயலாளருக்குக் கோல் எடுத்து, "மழையில தவறிப்போச்சு, ஒரு நாள் தாங்க" எண்டு கேட்டிருக்காங்க. அவர், "சேர் வந்து திறந்துட்டாரே, படத்தோட பேப்பர் இஞ்ச மேசையில இருக்கு, ஒரு தரிப்பிடத்தை ரெண்டு தரம் திறந்தா எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான்" எண்டு வச்சிட்டார். மற்ற ஆள் யாராவது வெட்டலாமெண்டா, பிரதம அதிதிக்கெண்டு கட்டின நாடாவை வெட்ட எவனுக்கும் தைரியமில்ல. வெட்டினவனுக்கு நாளைக்கு ஒரு கையெழுத்து வாங்க ஏலாது. அதனால காலையில ஸ்கூல் பஸ்ஸுக்கு வாற ஆக்கள், ஆஸ்பத்திரிக்குப் போற ஆக்கள், ஏழு மாசக் கர்ப்பிணி, எல்லாரும் நாடாவுக்குக் கீழால குனிஞ்சுதான் உள்ள போறாங்க. குனியிற ஒவ்வொரு ஆளும் என்ட பேரைச் சொல்லித்தான் குனியிறாங்க. யோசேப்பு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு கையால நாடாவைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, "வாங்க, வாங்க, வெயில்ல நிக்காதீங்க" எண்டு எல்லாரையும் கூப்பிடுறான். அண்டைக்கு மழையில முதல் ஆளா நாடாவைத் தூக்கினதும் அவன்தான் எண்டு ஸுலைஹா எழுதினதிலிருந்து அவனுக்கு அது ஒரு பதவி மாதிரி ஆகிட்டு. நான் அடுத்த பஸ் ஹோல்ட்டுக்கு நடந்துபோய்த்தான் பஸ் ஏறுறன்.

ஆகவே ஹாஜியார் அவர்களே, மேற்படி விளக்கத்தைக் கருணையோடு ஏற்று, குறித்த வெள்ளிக்கிழமை நான் நேரில் நின்றேன் என்பதையும், மழை என்பது பத்தி எழுத்தாளரின் சுதந்திரம் என்பதையும் அடுத்த இதழில் ஒரு சிறு குறிப்பாகவாவது வெளியிட்டு என் மானத்தைக் காப்பாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டையை மட்டும் பறிக்க வேண்டாம். அப்படிப் பறித்தாலும் அதை என் வீட்டுக்கே, என் மனைவியின் பேருக்கு அனுப்ப வேண்டாம். ஒரே வீட்டில் ஒரே கதிரையில் இருந்து அவ அந்த அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறதை நான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. முடிந்தால் 'நம்ம வாசல்' பத்தியைச் சிறிது காலத்துக்கு நிறுத்தி வைத்து, அந்த இடத்தில் சமையல் குறிப்பு போடுவது நல்லது என்றும் பணிவோடு ஆலோசனை சொல்கிறேன். வேண்டுமானால் அதையும் அவவே எழுதுவா, நல்லாத்தான் எழுதுவா.

தங்கள் எழுதுகோலுக்கும் கடைத்தெரு விளம்பரங்களுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. தங்கள் வீட்டாருக்கு என் ஸலாத்தை எத்திவைக்கவும். என் வீட்டாரின் ஸலாத்தைத் தாங்கள் நேரடியாகவே வாங்கிக்கொள்வீர்கள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் உண்மையுள்ள,
எம்.ஐ. பதுர்தீன்,
கனமூலை நிருபர் (இன்றைய தேதி வரை).

பி.கு.: ஹாஜியார், கடிதத்தை மடிக்கப்போற நேரம் ஸுலைஹா இந்தக் கிழமைக்கான தாளைக் கொண்டுவந்து, "இதையும் அனுப்பிடுங்க" எண்டு மேசையில வச்சிட்டுப் போனா. ஒரு தரம் பட்ட அடி போதும் எண்டு இந்த முறை விரிச்சு வாசிச்சன். தலைப்பைப் பார்த்த உடனே கதவைச் சாத்திட்டு வந்து இருந்து வாசிச்சன். தலைப்பு, 'ஸஃப்னாவின் வாப்பா.'

மேல நான் எழுதின எல்லாத்தையும் வெட்டிருங்க. வியாழக்கிழமை பின்னேரமே நான் வெள்ளிக்கிழமையை எழுதி முடிச்சிட்டன் எண்டு அவ எழுதியிருக்கா, அது உண்மை. லாபிர்ட மெஷின் நல்ல மெஷின். வெள்ளிக்கிழமை நான் அந்தப் பக்கமே போகல்ல, போர்த்திக்கொண்டு கட்டில்ல கிடந்தன். ஓட்டில மழை விழ விழ, "மழை விட்டுட்டா, விட்டுட்டா" எண்டு கேட்டுக்கொண்டு கிடந்ததையும், அவ நனைஞ்சு வந்த நேரம், "ஆக்கள் வந்தாங்களா" எண்டு நான் கேட்டதையும், "ஊரே வந்து உள்ளுக்கு நிக்குது" எண்டு அவ சொன்னதையும், "அப்ப பெருந்திரளான மக்கள் எண்டது சரிதான்" எண்டு நான் நிம்மதியாத் திரும்பிப் படுத்ததையும் ஒண்டும் விடாம எழுதியிருக்கா. பால் கேனும் இருக்கு.

அதுக்குப் பிறகு ஒரு பந்தி. அதை மட்டும் இதில எழுதுறன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டின நேரம் அவட குடும்பம் உடுத்த உடுப்போட வந்து, புத்தளத்தில அகதி முகாமில இருந்த காலம், ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடம் ஒண்டு திறந்தாங்களாம். அவட வாப்பா சேகு அலாவுதீன் நன்றி சொல்ல எழும்பினாராம். எழும்பி நிண்டார், சனத்தைப் பார்த்தார், வாய் வரல்ல, இருந்துட்டார். அப்ப நான் புது நிருபர், விழாவுக்கு முந்தின நாளே செய்தியை அனுப்பிட்டன். 'அந்தக் கிழமை பேப்பரில் என் வாப்பா மிக உருக்கமாக நன்றியுரை நிகழ்த்தியிருந்தார்' எண்டு எழுதியிருக்கா. 'அதுவரைக்கும் இந்த ஊரில் அவர் பேர் இருந்தது நிவாரணக் கூப்பனில் மட்டும்தான். அந்தப் பேப்பரை அவர் முகாமில் எல்லாருக்கும் காட்டினார். நீ பேசவே இல்லையே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. யார் இதை எழுதின பொடியன் என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தார். அந்தப் பொய்க்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்.'

மாமா என்னைத் தேடி வந்த காரணம் இதுதான் எண்டு அவ என்னட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நான் என்ட அழகுக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்.

ஹாஜியார், இதைப் போட்டா அட்டை போயிரும் எண்டு எனக்கு விளங்குது. அட்டையை இந்த உறைக்குள்ளயே வச்சிருக்கிறன், நீங்க கேட்கத் தேவையில்ல. திருத்தமும் போடுங்க, செயலாளர் பார்க்கட்டும், பிரதம அதிதி வந்து நாடாவை வெட்டட்டும். கட்டுரையில மட்டும் ஒரு எழுத்தும் வெட்ட வேணாம். யோசேப்புக்கு முக்கால் பக்கம்தான் வந்தது. இதுக்கு முழுப் பக்கம் போடுங்க.